சர்வேயரின் கன்னம்

அந்த இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறார்கள் என்று யாரோ பத்திரிகையில் எழுதிவிட்டான். வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்று முதலில் விட்டுவிட்டார்கள். பிறகு ஆண்டு விழாவில் எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியபோது, நிர்வாக இயக்குநருக்கே அதில் தன்னைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விஷயம் முற்றிப்போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

உடனே போர்டு கூடியது. போர்டில் பன்னிரண்டு பேர். பதினொரு பேர் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பன்னிரண்டாமவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் முதலாளி. கல்லூரி கல்லூரியாகப் போய், பலதரப்பட்ட வீடுகளிலிருந்து வந்த இளம் திறமைசாலிகளைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைக்க வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். மாற்றுக் கருத்து ஒன்றுகூட வரவில்லை என்பதில் நிர்வாக இயக்குநருக்கு ரொம்பப் பெருமை.

யார் போவது என்றுதான் இழுபறி. ஆள் எடுக்கும் பிரிவு கையை விரித்துவிட்டது. அவர்களுக்கு இருக்கிற ஆட்களை வீட்டுக்கு அனுப்பவே நேரம் போதவில்லை. கிளெய்ம் பிரிவு மட்டும் சும்மா இருந்தது. அந்த வருஷம் பார்த்து வெள்ளமும் வரவில்லை, பெரிய தீ விபத்தும் இல்லை. எனவே கிளெய்ம் பிரிவையே கல்லூரிகளுக்கு அனுப்பிவைத்தார்கள்.

கிளெய்ம் பிரிவின் வேலை என்ன என்று தெரியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். வீடு எரிந்துவிட்டது, இழப்பீடு கொடுங்கள் என்று ஒருவர் வருவார். எரியவில்லை என்பார்கள் இவர்கள். எரிந்தது நிஜம் என்று ஆகிவிட்டால், அது ஏற்கெனவே எரிகிற மாதிரிதான் இருந்தது என்பார்கள். அதற்கும் அவர் மசியவில்லை என்றால், எரிந்தபோது நீங்கள் ஏன் வெளியே ஓடினீர்கள் என்று கேட்பார்கள். இதில் கைதேர்ந்தவர்கள் அவர்கள். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

புது வேலைக்கென்று தனியாக எதையும் தயாரிக்கும் வழக்கம் அங்கே கிடையாது. பழைய விண்ணப்பத்தையே எடுத்து, 'விபத்து' என்று இருந்த இடத்திலெல்லாம் அடித்து 'வேறுபாடு' என்று எழுதிக்கொண்டார்கள். வேறுபாடு எந்தத் தேதியில் நிகழ்ந்தது? நிகழ்ந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அதைத் தடுக்க என்ன முயற்சி எடுத்தீர்கள்? அருகிலுள்ள காவல் நிலையத்தில் உடனே தெரிவித்தீர்களா?

ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த ஒரு கல்லூரிக்கு இந்தக் குழு வந்து இறங்கியது. அங்கே புள்ளியியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள் ஒரு சலூன்காரரின் மகள். படிப்பில் படுசுட்டி. கம்பெனி வைத்த எழுத்துத் தேர்விலும் அவள்தான் முதல்.

அவளுக்கு இந்த வேலை ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய அக்கா புருஷனுக்கு ஒரு முட்டைக் கிடங்கு இருந்தது. இருட்டு அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையாக எடுத்து பல்புக்கு முன்னால் பிடித்து, நல்லதா கெட்டதா என்று பிரித்து அடுக்க வேண்டும். அக்காவும் ஒரு காலத்தில் கல்லூரிக்குப் போனவள்தான். 'ஒரு மாசம் ஒத்தாசைக்கு' என்று உள்ளே போனாள், இன்னும் வெளியே வரவில்லை. இப்போதெல்லாம் பகலில் தெருவுக்கு வந்தால் கண் கூசுகிறது என்கிறாள். அத்தான் நல்லவர்தான், அதுதான் கஷ்டம். “வேலை கிடைக்கலன்னா என்னம்மா, நம்ம கிடங்கு எதுக்கு இருக்கு? உனக்குன்னு ஒரு ஸ்டூல் வாங்கி வெச்சுட்டேன்” என்று பார்க்கும்போதெல்லாம் ஆறுதல் சொல்வார். அந்த ஸ்டூலில் உட்காராமல் இருக்கத்தான் அவளுக்கு இந்த வேலை வேண்டும்.

கல்லூரியில் வேலைவாய்ப்பைக் கவனித்தவர் ஒரு வேதியியல் வாத்தியார். ஆய்வகத்தில் ஏதோ வெடித்த பிறகு அவரை இதற்கு மாற்றியிருந்தார்கள். அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“மார்க்கை எழுதாதம்மா. மார்க் எல்லாரும்தான் வெச்சிருக்கான். கஷ்டம் எதாவது இருந்தா எழுது. இந்த வருஷம் அதுக்குத்தான் கிராக்கி.”

அவளிடம் கஷ்டம் ஒன்று இருந்தது. அப்பாவின் வலது கை. சலூன்காரருக்குக் கை நடுங்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. முதலில் சுண்டுவிரல் மட்டும் தனியாக ஆடியது, பிறகு மற்ற விரல்களையும் சேர்த்துக்கொண்டது. ஒரு ரெகுலர் கஸ்டமரின் காதோரம் கத்தி பட்டதிலிருந்து, தாடி வைப்பது நாகரிகமாகிவிட்டது என்று தெருவே அவரிடம் சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் போய் மழித்துக்கொண்டது. வீட்டில் இதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். கை ஆடும்போது அப்பா அதைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்வார். அம்மா வேறு பக்கம் பார்ப்பாள். அப்படி ஒரு ஏற்பாடு. அந்தக் கையைப் பற்றித்தான் அவள் அப்பாவுக்குத் தெரியாமல் விண்ணப்பத்தில் எழுதினாள். எழுதும்போது திருடுகிற மாதிரி இருந்தது.

நேர்காணலுக்கு முன்னால் தேர்வுக் குழுவின் தலைவி மேடையேறிப் பேசினார்.

“பிள்ளைகளா, வித்தியாசமானவங்களைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம். தயங்காம வாங்க. நீங்க எந்த வீட்லேருந்து வர்றீங்க, எப்படி வளர்ந்தீங்க, எதுவும் எங்களுக்குப் பொருட்டில்ல. எங்க கம்பெனியில பாரபட்சமே கிடையாது. யாரா இருந்தாலும் ஒரே அளவுதான் சந்தேகப்படுவோம்.”

வேதியியல் வாத்தியார் முதலில் கை தட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள்.

அறை வாசலில் பியூன் நின்று, “அடுத்த வேறுபாடு!” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். ஒரு காது கேட்காத பையன் போனான். இன்னொரு காது கேட்கிறது என்று ஒப்புக்கொண்டதால் அவனுடையது பாதி வேறுபாடு என்று ஆகிவிட்டது, பாதிக்கு வேலை கொடுக்க வழியில்லை. ஆசிரமத்தில் வளர்ந்த ஒருத்தி போனாள். தாய் தகப்பன் இல்லை என்பதற்குத் தாய் தகப்பனிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். இரட்டைப் பிறவி அண்ணன் தம்பி இருவர் போனார்கள். கஷ்டத்தில் வளர்ந்தவர்கள்தான், ஆனால் இரண்டு பேரும் ஒரே மாதிரி இருந்ததால் வேறுபாடு நிரூபணமாகவில்லை. அந்தத் தீர்ப்பில் குழுவுக்கே ஒரு திருப்தி.

சலூன்காரரின் மகள் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

“கை நடுங்குறது உங்க அப்பாவுக்கு. வேறுபாடு உங்களுக்கு எப்படி வந்துச்சு?” என்று கேட்டார் தலைவி.

“அவர் கையை நம்பித்தான் மேடம் குடும்பம். கடைக்கு இப்ப யாரும் வர்றதில்ல.”

“மூணு வருஷமா நடுங்குதுன்னு போட்டிருக்கீங்க. இவ்வளவு நாள்ல பழகியிருக்குமே. பழகிப்போன கஷ்டத்துக்குத் தேய்மானம் கழிக்கணும்.”

“பழகல மேடம்.”

“நடுங்குறதுக்கு முன்னாடி நடுங்கலன்னு என்ன ஆதாரம்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “முன்னாடி யார் காதும் அறுபடல மேடம்.”

குழுவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல பதில். அவளைத் தள்ள இன்னும் நாலைந்து கேள்வி கேட்டிருக்கலாம், ஆனால் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அந்தக் கல்லூரியில் மிஞ்சிய ஒரே வேறுபாடு அவள்தான்.

“மார்க் பிரமாதமா இருக்கு. ஆனா அதைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம், அதை நாங்க கணக்குல எடுக்கிறதில்ல” என்று எழுந்துகொண்டே சொன்னார் தலைவி. “எங்க சர்வேயர் உங்க வீட்டுக்கு வருவார். சேதத்தை நேர்ல பாத்து ரிப்போர்ட் குடுப்பார். அவர் ஓகேன்னா வேலை உங்களுக்குத்தான்.”

அவள் வீட்டுக்கு வந்து பாதியை மட்டும் சொன்னாள். கம்பெனியிலிருந்து ஒருத்தர் வீட்டைப் பார்க்க வருகிறார் என்றாள். எதைப் பார்க்க வருகிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. 'உங்க கையைப் பத்தி எழுதிக் குடுத்திருக்கேன்பா' என்று எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கும் அதையே நினைத்தாள்.

வேலை கொடுக்கிறவன் வீட்டுக்கு வருகிறான் என்றால் மானமுள்ள குடும்பம் என்ன செய்யும்? அதைத்தான் அவர்களும் செய்தார்கள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கிற அம்மா இரண்டு நாள் லீவு போட்டாள். வீட்டின் முன்னறைதான் சலூன், அதற்கு வெள்ளையடித்தார்கள். ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த வாளி கட்டிலுக்கு அடியில் போனது. விரிசல் விட்ட கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிர்த்த கடைத் தையல்காரரிடம் ஆளுயரக் கண்ணாடி இரவல் வாங்கி மாட்டினார்கள். கிழிந்த நாற்காலிக்குப் புது உறை. மகள் தடுத்துப் பார்த்தாள்.

“இவ்வளவு எதுக்கும்மா? இருக்கிறபடி இருக்கட்டுமே.”

“இருக்கிறபடி பாத்தா யாருடி வேலை குடுப்பா?” என்றாள் அம்மா.

அப்பா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அவருக்கு ஒரே ஒரு கவலை. காலையில் அம்மாவிடம் அதைச் சொன்னது மகள் காதிலும் விழுந்தது. “வர்ற மனுஷன் என் கையைப் பாத்துடக் கூடாது. கை நடுங்குறவன் பொண்ணுன்னு ஒரு பேர் அவளுக்கு எதுக்கு?” என்றார். அந்த இடத்திலாவது அவள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் போய் நாற்காலி உறையை இழுத்துச் சரிசெய்தாள்.

சர்வேயர் பத்து மணிக்கு வந்தார். நேர்மையான மனிதர், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு கிடங்கு எரிகிறது என்று தகவல் வந்தபோது, நிஜமாகவே எரிகிறதா என்று பார்க்க உள்ளே போய்ப் புருவத்தைப் பறிகொடுத்தவர். முதல் நாளே வேறெங்கோ சர்வேக்குப் போய்விட்டு நேராக வந்ததால் கன்னமெல்லாம் முள்ளுமுள்ளாக இருந்தது. டேப்பை எடுத்துச் சுவரை அளந்தார். விரலால் தட்டினார். நகத்தால் சுரண்டி, நகத்தைப் பார்த்தார்.

“சேதம் எங்க?” என்றார்.

அப்பா பதறிப்போனார். “சேதமா? நம்ம வீட்லயா? ஒண்ணும் கிடையாது சார், நல்லா பாருங்க.”

“சுண்ணாம்பு புதுசா இருக்கே?”

“உங்களுக்காகத்தான் சார்” என்றாள் அம்மா, பெருமை தாங்காமல்.

சர்வேயர் குறித்துக்கொண்டார். பிறகு மகளைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். “கையைப் பாக்கணும்.”

“சார், நான் எழுதினது அப்பாவுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் உக்காந்திருங்க, தானா தெரியும்.”

“தெரியாம இருக்கிறது நல்லதுதாம்மா. தெரிஞ்சா நடுங்கிக் காட்டுவாங்க. நான் அந்த மாதிரி நிறைய பாத்திருக்கேன்.”

அதற்குள் அப்பா நாற்காலியைத் தட்டித் துடைத்துவிட்டார். “சார், வெயில்ல வந்திருக்கீங்க. உக்காருங்க, ஒரு ஷேவ் பண்ணிவிடறேன். நம்ம வீட்டு உபசாரம்னு வெச்சுக்கங்க.”

சர்வேயர் ஒரு கணம் அந்தக் கத்தியைப் பார்த்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார். கடமை என்று வந்துவிட்டால் அவர் பின்வாங்குகிற ஆள் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். பேனாவை மகளிடம் கொடுத்து, “ஏதாவது ஆச்சுன்னா நேரத்தை மட்டும் குறிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பிரஷ்ஷை எடுக்கும்போதே அப்பாவின் கை ஆடியது. நுரைக் கிண்ணத்தின் விளிம்பில் டிக் டிக் என்று சத்தம் கேட்டது. மகள் வேகமாக ஒரு அடி முன்னால் வந்தாள். சர்வேயர் கண்ணைத் திறக்கவில்லை. நுரை பூசுகிறவரைக்கும் நடுக்கம் இருந்தது. நுரைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, இன்னும் நன்றாகத்தான் பரவியது.

பிறகு அப்பா கத்தியில் புது பிளேடு மாட்டினார். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தார். இடது கையால் வலது மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சை இழுத்துப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கை நின்றுவிட்டது.

மூன்று வருஷத்தில் அந்தக் கை அப்படி நின்று அவள் பார்த்ததில்லை. கத்தி காதோரத்திலிருந்து இறங்கியது, தாடையைச் சுற்றியது, மூச்சு விடுவதற்காக ஒதுங்கியது, மறுபடியும் வந்தது. அம்மா கதவோரம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். மகளுக்கு இரண்டு மனசு. ஆடு, ஒரே ஒரு தடவை ஆடிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். கத்தி தொண்டைக்குழிக்கு வந்தபோது ஐயோ ஆடிவிடாதே என்றும் கெஞ்சினாள். எந்தப் பிள்ளையும் தன் அப்பாவுக்காக இப்படி வேண்டிக்கொண்டிருக்காது. அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

முடிந்தது. படிகாரம் தடவ ஒரு கீறல்கூட இல்லை. அப்பா துண்டால் சர்வேயரின் முகத்தைத் துடைத்துவிட்டு, “ஒரு நிமிஷம் சார்” என்று பின்கட்டுக்குப் போனார். அங்கே அவருக்குக் கை உதறிய உதறலில் குழாயைத் திறக்க முடிந்தது, மூட முடியவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா ஓடிப்போய் மூடினாள்.

“சார், இப்ப வாங்க. இப்ப வந்து பாருங்க சார்!” மகள் கெஞ்சினாள்.

சர்வேயர் ஆளுயரக் கண்ணாடியில் தன் கன்னத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “சர்வே முடிஞ்சுதும்மா. முடிஞ்ச பிறகு நடக்கிறதுக்குக் கம்பெனி பொறுப்பில்ல.” பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “ஆனா ஒண்ணு. என் வாழ்க்கையில இப்படி ஒரு ஷேவ் நான் பண்ணிக்கிட்டதில்ல.”

அவர் போன பிறகு அப்பா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. “பாத்தியா? பயந்தே போய்ட்டேன். உன் வேலை முடிஞ்ச மாதிரிதான்” என்றார். அது என்னவோ வாஸ்தவம்தான்.

மறுநாள் தலைமை அலுவலகத்தில் விசாரணை, அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். 'வித்தியாசமே எங்கள் ஒற்றுமை' என்று வாசலிலேயே பெரிதாக எழுதிவைத்திருந்தார்கள். உள்ளே நீள மேஜையின் ஒரு முனையில் தலைவி, பக்கத்தில் குழு. சர்வேயர் சாட்சிப் பொருளைக் கலைக்கக் கூடாது என்று அன்று காலை முகம்கூடக் கழுவாமல் வந்திருந்தார்.

“கை நடுங்குவதாகச் சொல்லப்படும் நபர், என் கழுத்தில் கத்தி வைத்தார். நான் உயிரோடு இருக்கிறேன்” என்று ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, சர்வேயர் மேஜையைச் சுற்றி வந்தார். குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்கள். ஒருவர் புறங்கையால் தடவினார். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். தலைவி கையுறை போட்டுக்கொண்டு தடவி, “வழுவழுன்னு இருக்கு” என்று பதிவு செய்யச் சொன்னார். சுண்ணாம்பும் விசாரணைக்கு வந்தது. சேதத்தைக் கம்பெனிக்குச் சொல்லாமல் சரிசெய்தது முதல் குற்றம்.

“மேடம், நேத்து மட்டும்தான் நின்னுது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு செஞ்சார். நீங்க வர்றீங்கன்னு...” அவளுக்கு அழுகை முட்டியது.

தலைவி கனிவாகத்தான் பேசினார். இழப்பீட்டை மறுக்கும்போது கனிவாகப் பேச வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். “ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா. கை நிஜமாவே நடுங்கும்னா, உங்க அப்பா நடுங்காத மாதிரி நடிச்சு எங்க அதிகாரியை ஏமாத்தியிருக்கார். நடுங்காதுன்னா, நடுங்கும்னு எழுதி நீங்க எங்களை ஏமாத்தியிருக்கீங்க. யார் ஏமாத்தினது? பதிவுல ஒரு பேர் வரணும்.”

“யார் பேர் வந்தா எனக்கு வேலை கிடைக்கும்?”

“ரெண்டுக்கும் கிடைக்காது. பதிவு முழுமையா இருக்கணும்ல, அதுக்குத்தான் கேக்கறேன்.”

அந்தப் பெண் கொஞ்ச நேரம் சர்வேயரின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னக் கீறல்கூட இல்லாத கன்னம். பிறகு சொன்னாள்.

“நான்தான். எங்க அப்பா கை நல்லா இருக்கு.”

“பாத்தீங்களா, இந்த நேர்மைதான் எங்களுக்கு வேணும். இப்படிப்பட்டவங்களைத்தான் தேடிட்டிருக்கோம்” என்று நெகிழ்ந்துபோனார் தலைவி. “ஆனா பொய் சொன்னவங்களை எடுக்க முடியாது. புரிஞ்சுப்பீங்க.”

அந்த மாதக் கடைசியில் கம்பெனி ஒரு விழா எடுத்தது. எத்தனையோ கல்லூரிகள், ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள், ஒவ்வொன்றையும் தீர ஆராய்ந்ததில் நிரூபிக்கப்பட்ட வேறுபாடு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று அறிவித்தார்கள். “இந்த சமுதாயத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்பதை ஆதாரத்தோடு நிலைநாட்டிய முதல் நிறுவனம் நாம்தான்” என்று நிர்வாக இயக்குநர் பேசியபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காலியாக இருந்த இடத்துக்குப் போர்டு உறுப்பினர் ஒருவரின் அக்கா மகனை எடுத்தார்கள். அவர் எல்லாரையும் போலவே இருந்ததால் சரிபார்க்கிற வேலையே மிச்சம்.

வீட்டில் அவள், இந்த வருஷம் யாரையும் எடுக்கவில்லையாம் என்று மட்டும் சொல்லியிருந்தாள். அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அந்த சார் என்னைப் பத்தி எதாவது சொன்னாரா?”

“சொன்னார்பா. எல்லாரும் அவர் கன்னத்தைத் தொட்டுப் பாத்தாங்க. அப்படி ஒரு சுத்தம்னாங்க.”

“ஆபீஸ்லயா? எல்லாருமா?” அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியா?”

அடுத்த திங்களிலிருந்து அவள் முட்டைக் கிடங்குக்குப் போக ஆரம்பித்தாள். அத்தான் வாங்கிவைத்திருந்த ஸ்டூல் அவளுக்கு அளவாகத்தான் இருந்தது. அக்கா அவள் உட்காரப் பல்பைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டில் இருந்தபோது, சர்வேயர் மறுபடியும் வந்தார். டேப் இல்லை, பை இல்லை, கன்னம் முழுக்கத் தாடி.

“கஸ்டமரா வந்திருக்கேன். அன்னைக்குப் பண்ணிவிட்டதுக்கப்புறம் வேற எவன்கிட்டயும் உக்காரப் பிடிக்கல” என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். தையல்காரரின் கண்ணாடி திரும்பிப் போயிருந்தது, பழைய விரிசல் கண்ணாடிதான் சுவரில் இருந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை நாள் கழித்து ஒருத்தர் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்! அந்தச் சந்தோஷத்தில் மூச்சைப் பிடிக்க மறந்துவிட்டார்.

மகள் கத்துவதற்குள் கன்னத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது. நுரையில் சிவப்பு பரவியது. அப்பா கத்தியைக் கீழே போட்டுவிட்டு, “மன்னிச்சுடுங்க சார், மன்னிச்சுடுங்க” என்று கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார். துண்டு ஆடியது. மகள் படிகாரத்தை எடுத்துவந்து கன்னத்தில் வைத்தாள்.

சர்வேயர் அந்தத் துண்டையே வெகு நேரம் பார்த்தார்.

“அப்ப நிஜமாத்தான் எழுதியிருக்காங்க” என்றார்.

“சார், வேண்டாம் சார்” என்றாள் மகள்.

அவர் நேர்மையான மனிதர் என்று முன்பே சொன்னேன். அந்த வகை மனிதர்களை எதுவும் தடுக்க முடியாது. “உங்க பொண்ணு எழுதியிருந்தாங்க, உங்க கை நடுங்குதுன்னு. அதுக்காகத்தான் வேலை குடுக்கிறதா இருந்துச்சு. அன்னைக்கு இது ஆடியிருந்தா கையோட கிடைச்சிருக்கும். ஆடலன்னு ரிப்போர்ட் குடுத்தேன்” என்றார். “இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. இன்னைக்கு நான் கஸ்டமரா வந்திருக்கேன்.”

அப்பா துண்டைப் பிரித்துத் தன் கையை வெளியே எடுத்தார். முதல் தடவையாக அதை மறைக்காமல் மடிமேல் வைத்துக்கொண்டு, அது ஆடுவதைப் பார்த்தார். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். “அதைப் புடிச்சு நிறுத்தறதுக்குள்ள என் உயிரே போயிடுச்சே.”